பல்லவியைக் கேட்டவர்களும் சரணத்தைக் கேட்டவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பதில் ஒன்றில், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்னும் பாட்டை, ‘பாதி உலகம் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோன பாட்டு’ என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் இந்தப் பகுதியின் வழக்கமான கேள்விகளை ஓரம் தள்ளிவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அந்த ஒரே பாட்டுக்கு. வரிகளை எடுத்தெழுதாமல், பொருளை என் சொற்களிலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மைதானம் முழுவதும் கையை உயர்த்திக்கொண்டு சேர்ந்து பாடுகிற பாட்டு அது. ‘நான் அமெரிக்காவில் பிறந்தவன்’ என்று ஒருவன் பெருமையோடு பாடுகிறான். இதில் கேட்காமல் விட்டுப்போக என்ன இருக்கிறது?

பதில்: சரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு மனிதனின் கதை வரிசையாக வருகிறது. உயிர்ப்பே இல்லாத ஓர் ஊரில் அவன் பிறக்கிறான். பிறந்த கணத்திலிருந்தே உதை வாங்குகிறான். அடிபட்டு அடிபட்டுப் பழகிய நாயைப் போல, அடுத்த அடி எங்கிருந்து வருமோ என்று ஒடுங்கிக்கொள்வதிலேயே அவனுடைய பாதி வாழ்நாள் கழிகிறது. ஊரில் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறான். என்ன சிக்கல் என்று பாட்டு சொல்வதில்லை. அதன் விளைவாக அவன் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டு, அயல்நாட்டில் போய்ச் சண்டையிடும்படி அனுப்பப்படுகிறான். சிறைக்குப் போகிறாயா, படைக்குப் போகிறாயா என்று இளைஞர்களைக் கேட்கும் வழக்கம் அந்தக் காலத்து அமெரிக்க நீதிமன்றங்கள் சிலவற்றில் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இடம் உடனே விளங்கும்.

போர் முடிந்து திரும்பி வருகிறான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான். வேலைக்கு ஆள் எடுப்பவர், தம் கையில் மட்டும் இருந்தால் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிப்பதே இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகத்துக்குப் போகிறான். அங்குள்ளவர், உனக்கு இன்னுமா புரியவில்லை என்று கேட்கிறார். இரண்டு பேருமே அவனை ‘மகனே’ என்று விளிக்கிறார்கள். மறுப்பவர்கள் அன்பாகப் பேசுவதுபோல் கொடியது வேறில்லை. அதன்பின் வியட்நாமின் கே சான் போர்க்களத்தில் இறந்துபோன உடன்பிறந்தவனின் நினைவு வருகிறது. தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் அந்த உடன்பிறந்தவன் நேசித்த பெண்ணின் நினைவும், அவள் அணைப்பில் அவன் இருக்கும் ஒரு புகைப்படமும் வருகின்றன. கடைசிச் சரணத்தில், சிறைச்சாலையின் நிழலுக்கும் ஆலையின் எரிவாயுச் சுடருக்கும் நடுவில், திரும்பி வந்து பத்தாண்டுகள் ஆகியும் போக்கிடம் இல்லாமல் நிற்கிறான். சரணங்களுக்கு இடையே அந்தப் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. மேலே சொன்ன கதையைக் கேட்டபிறகு அதே பல்லவியைப் பாடிப் பாருங்கள். சொல் மாறவில்லை, ஆனால் தொனி மாறிவிடும்.

கேள்வி: அது ‘உடன்பிறந்தவன்’தானா? அண்ணனா, தம்பியா?

பதில்: மூலத்தில் உள்ள ஆங்கிலச் சொல் அதைச் சொல்லாது. தவிர, அந்தச் சொல் ஒரே குழியில் பதுங்கியிருந்த போர்த்தோழனையும் குறிக்கும். மொழிபெயர்ப்பவருக்கு இது தலைவலி, கேட்பவருக்கு ஆதாயம்.

கேள்வி: பாட்டின் ஒலியைப் பற்றி விரிவாக எழுதுங்கள். அந்த டிரம்ஸ் சத்தம் ஏன் வேறு எந்தப் பாட்டிலும் இல்லாததுபோல் ஒலிக்கிறது?

பதில்: பாட்டைத் திறந்துவைப்பது டிரம்ஸும், சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியும். சிந்தசைசரை வாசித்தவர் ஸ்பிரிங்ஸ்டீனின் இசைக்குழுவைச் சேர்ந்த ராய் பிட்டன். கருவி யமஹா சிஎஸ்-80. சில சுரங்களே கொண்ட ஒரு சிறு சுரக்கோவை, எக்காளம் ஊதுவதுபோல், தொடக்கம் முதல் இறுதிவரை திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்தில் அதுவும், ஸ்னேர் டிரம்மின் அடியும், ஸ்பிரிங்ஸ்டீனின் குரலும் மட்டுமே இருக்கும். குழுவின் மற்றக் கருவிகள் பிறகுதான் முழுமையாக உள்ளே வருகின்றன. அப்படி வரும்போது, தனியாகக் கத்திக்கொண்டிருந்த ஒருவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வந்து நின்றதுபோல் இருக்கும்.

அந்த ஸ்னேர் ஒலி தற்செயலாகவும் கைத்திறனாலும் பாதிப்பாதியாக உருவானது. 1982 ஏப்ரல் இறுதியில், நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நடந்தது. டிரம்ஸ் வாசித்தவர் மேக்ஸ் வைன்பெர்க். ஒலிப்பதிவுப் பொறியாளர் டோபி ஸ்காட். ஸ்னேரின் ஒலியை எதிரொலி தரும் ஒரு கருவிக்குள் செலுத்தி, அந்த எதிரொலி நீண்டு தேயும் முன்பே, கதவை அறைந்து சாத்துவதுபோல் அதைத் துண்டித்துவிட்டார்கள். ‘கேட்டட் ரிவர்ப்’ என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்லும் உத்தி இது. சாதாரணமாகப் பெரிய கூடத்தில் அடித்த அடி மெல்ல மெல்ல அடங்கும். இதிலோ கூடத்தின் பிரம்மாண்டம் ஒரு கணம் காதில் விழுகிறது, மறுகணம் ஒன்றுமில்லை. 1980களின் பல பாடல்களில் இந்த உத்தி உண்டு. பெரும்பாலானவற்றில் அது அலங்காரம். இங்கே அது பாட்டின் பொருளோடு ஒட்டிக்கொண்டது. நடனத்துக்கான அடியாகவும் கேட்கலாம், பீரங்கி வெடிப்பதாகவும் கேட்கலாம். நான் இரண்டையும் மாறி மாறிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று குறைவாகப் பேசப்படுவது. பாட்டு முழுவதற்கும் இரண்டே கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகள். நம் கணக்கில் சொன்னால், ஆதார ‘ச’வின் மேல் ஒன்று, ‘ம’வின் மேல் ஒன்று. சரணத்துக்கும் பல்லவிக்கும் அதே இரண்டு. மேற்கத்திய இசையில் பெரும்பாலான பாடல்கள் ‘ப’வின் மேல் நிற்கும் கார்டிலிருந்து ‘ச’வுக்கு வந்து சேரும்போதுதான் ஒரு வாக்கியம் முடிந்த நிறைவு, வீடு வந்து சேர்ந்த நிறைவு கிடைக்கும். இந்தப் பாட்டில் அந்தப் ‘ப’ கார்டே இல்லை. ஊசல்போல இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டேயிருக்கிறது. ஊர் திரும்பியும் வீடு சேராத ஒருவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. அதைத் திட்டமிட்டுச் செய்தாரா, கைக்கு வந்ததை வாசித்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கேட்பவனுக்கு அது நிகழ்கிறது.

குரலையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்ஸ்டீன் தம் குரல் எட்டக்கூடிய உச்சத்தில் நின்று, ஏறக்குறையக் கத்திப் பாடுகிறார். ஏற்ற இறக்கங்கள் மிகக் குறைவு. பல்லவி வந்தால் மெட்டு உயரும், முகம் மலரும் என்று நாம் எதிர்பார்ப்போம். இதில் சரணத்திலேயே குரல் உச்சத்தில் இருப்பதால், பல்லவியில் ஏறுவதற்கு இடமில்லை. ஆக, அது கொண்டாட்டத்தின் உயரம் அன்று, தொண்டை கிழியும் உயரம்.

உடன்பிறந்தவனைப் பற்றிய சரணத்தைத் தனியாகக் கவனியுங்கள். எதிரிகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், இவன்தான் இல்லை என்று சொன்னவுடன் பாட்டு பேச்சை நிறுத்திவிடுகிறது. அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் சொல் இல்லை. சிந்தசைசரும் டிரம்ஸும் மட்டும் ஓடுகின்றன. பாட்டிலேயே பொருள் நிறைந்த இடம், ஒன்றும் பாடப்படாத அந்தச் சில நொடிகள் என்பது என் எண்ணம்.

கேள்வி: இந்தப் பாட்டுக்கு மெதுவான இன்னொரு வடிவம் உண்டு என்று நண்பர் சொன்னார். அதைக் கேட்டால் குழப்பமே இராது என்கிறார். உண்மையா?

பதில்: உண்மை. பாட்டின் பிறப்புக்கதையும் அதோடு சேர்ந்தது. 1981-ல் ‘வியட்நாம்’ என்ற பெயரில் ஒரு பாட்டை ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் திரைக்கதை ஆசிரியரும் இயக்குநருமான பால் ஷ்ரேடர் தம் திரைக்கதை ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தார். அதன் தலைப்பு ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ அந்தத் தலைப்பு பாட்டுக்குள் புகுந்து பல்லவியாகிவிட்டது. அந்தப் படம் 1987-ல் வேறு பெயரில் வெளிவந்தபோது, கடனைத் தீர்ப்பதுபோல் ஸ்பிரிங்ஸ்டீன் அதற்குத் தலைப்புப் பாடலை எழுதிக் கொடுத்தார்.

1982 ஜனவரியில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் இடத்தில், வாடகை வீட்டின் அறையில் உட்கார்ந்து, நான்கு தடங்கள் கொண்ட ஒரு கேசட் பதிவுக் கருவியில் அவர் தனியாகப் பல பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் பெரும்பாலானவை அதே ஆண்டு செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பாக, பதிவான அதே கரடுமுரடோடு வெளிவந்தன. இந்தப் பாட்டின் கிட்டார் வடிவமும் அதே கேசட்டில் இருந்தது. ஆனால் தொகுப்பில் சேர்க்கப்படவில்லை. அது 1998-ல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில்தான் வெளியானது.

அதில் எக்காளம் இல்லை, பீரங்கி இல்லை. கிட்டாரும் பயமூட்டும் ஒரு முணுமுணுப்பும் மட்டுமே. அதைக் கேட்டு யாரும் கொடியசைக்க மாட்டார்கள் என்பதில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் ‘அதுவே உண்மையான பாட்டு, குழு வாசித்தது வணிகத்துக்காக’ என்று அடுத்த வாக்கியத்தையும் அவர் சொல்வாரானால், அங்கே நான் அவரைப் பிரிந்து நிற்கிறேன். கிட்டார் வடிவத்தில் பாடுபவன் ஏற்கெனவே தோற்றுவிட்டான். நமக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது, அவ்வளவுதான். குழு வடிவத்தில் அவன் இன்னும் தோற்கவில்லை. தெருவின் நடுவில் நின்றுகொண்டு நியாயம் கேட்கிறான். இரக்கப்படுவது எளிது, அப்படிக் கேட்பவன் முன்னால் நிற்பது எளிதன்று. 1995-க்குப் பின் தனியாக மேற்கொண்ட இசைப்பயணத்தில், ஸ்லைடு கிட்டாரை வைத்துக்கொண்டு, பல்லவியை ஏறக்குறைய விழுங்கிவிட்டு இப்பாட்டை அவர் பாடினார். கருத்தைத் தெளிவாக்க அது உதவியது. ஆனால் தெளிவு கூடியபோது வலு குறைந்தது என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: ஸ்பிரிங்ஸ்டீன் வியட்நாமில் சண்டையிட்டவரா? இல்லையென்றால் அந்த வலியைப் பாட அவருக்கு என்ன தகுதி?

பதில்: சண்டையிட்டவர் அல்லர். 1949-ல் பிறந்த அவருக்கும் கட்டாயப் படைச்சேர்ப்பு அழைப்பு வந்தது. மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் பட்ட அடி முதலிய காரணங்களால் உடல்தகுதித் தேர்வில் அவர் தேறவில்லை. தேறாமல் இருக்கவே விரும்பினார் என்பதையும் மறைத்ததில்லை. ஆனால் அவருடைய பதின்பருவத்துக் குழுவான காஸ்டைல்ஸில் டிரம்ஸ் வாசித்த பார்ட் ஹேன்ஸ் படையில் சேர்ந்து 1967-ல் வியட்நாமில் கொல்லப்பட்டார். தமக்குப் பதிலாக யாரோ ஒருவர் போனார் என்ற உறுத்தலைப் பிற்காலத்தில் பலமுறை அவர் பேசியிருக்கிறார்.

யார் போனார்கள் என்பதுதான் இந்தப் பாட்டின் உள்நரம்பு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் படைச்சேர்ப்பிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது. ஆகவே கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளே முதலில் அள்ளப்பட்டார்கள். பிறந்தநாளைக் குலுக்கிப் போட்டு ஆளெடுக்கும் முறை 1969 டிசம்பரில்தான் வந்தது. போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்களின் இழப்பு அதைப்போல் பல மடங்கு. திரும்பி வந்தவர்களை அந்த நாடு சங்கடத்தோடு பார்த்தது. வென்று வந்த படைக்கு ஊர்வலம் உண்டு. இவர்களை வரவேற்க ஆளில்லை.

பாட்டுக்கு நேரடியான உந்துதல் புத்தகமும் சந்திப்புகளுமாக வந்தது. போரில் சுடப்பட்டு மார்புக்குக் கீழே செயலிழந்த ரான் கோவிக் 1976-ல் வெளியிட்ட நினைவுநூலை ஸ்பிரிங்ஸ்டீன் படித்தார். பிறகு அவரையே சந்தித்தார். அவர் வழியாக, அமெரிக்க வியட்நாம் போர்வீரர்களுக்கான அமைப்பைத் தொடங்கிய பாபி மல்லரைச் சந்தித்தார். அந்த அமைப்பு பணமின்றித் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1981 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அதற்கு நிதி திரட்ட ஸ்பிரிங்ஸ்டீன் நிகழ்ச்சி நடத்தினார். சக்கர நாற்காலிகளில் வந்த வீரர்களுக்கு மேடையின் பக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. பாட்டு எழுதப்பட்டது அந்தக் காலத்தில்தான். தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். அனுபவித்தவர்கள் மட்டுமே பாட வேண்டும் என்றால், இறந்தவர்களைப் பற்றி யாரும் பாட முடியாது.

கேள்வி: கே சானில் அமெரிக்கர்களை முற்றுகையிட்டது வட வியட்நாமின் முறையான படை. பாட்டிலோ வியட்காங் (தென் வியட்நாமுக்குள் போரிட்ட பொதுவுடைமைக் கெரில்லாப் படை) என்று வருகிறது. இது பிழைதானே?

பதில்: பிழைதான், வரலாற்றுத் தேர்வில் மதிப்பெண் குறைத்துவிடலாம். 1968 ஜனவரியில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த அந்த முற்றுகையை நடத்தியது பெரும்பாலும் வட வியட்நாமின் முறையான படையே. ஆனால் எந்தப் படைப்பிரிவு என்ற கணக்கு, உடன்பிறந்தவனை இழந்தவனின் வாயில் வராது. உங்கள் கூர்மையான கண்ணுக்கு இன்னொரு செய்தி: அத்தனை உயிர்களைக் கொடுத்துக் காத்த அந்தத் தளத்தை, அதே ஆண்டு ஜூலைக்குள் அமெரிக்கப் படையே இடித்துத் தள்ளிவிட்டு வெளியேறியது. எதிரிகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்ற சொற்களின் கசப்பு அங்கிருந்து வருகிறது.

கேள்வி: அதிபர் ரீகன் தம் தேர்தல் பிரசாரத்தில் இந்தப் பாட்டை ஒலிக்கச் செய்தார் என்றும், பாடகர் அதைத் தடுத்தார் என்றும் படித்தேன். நடந்தது என்ன?

பதில்: நடந்தது அதைவிடச் சிறியது, ஆனால் சுவையானது. 1984 ஜூன் 4 அன்று இந்தப் பாட்டின் பெயரையே கொண்ட இசைத்தொகுப்பு வெளியாகி நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். டிரம்மர் வைன்பெர்க்கின் அழைப்பின் பேரில், ஜார்ஜ் வில் என்னும் பழமைவாதப் பத்தி எழுத்தாளர் வாஷிங்டனுக்கு அருகில் நடந்த நிகழ்ச்சிக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போனார். இரைச்சலுக்குப் பஞ்சு வைத்தவர் சரணங்களையும் சேர்த்தே அடைத்துவிட்டார் போலும். ஆலை மூடுவதைப் பற்றிப் பாடினாலும் இவர் புலம்புவதில்லை, பல்லவி உற்சாகமான உறுதிமொழியாக ஒலிக்கிறது என்ற பொருளில் செப்டம்பர் 13 அன்று பாராட்டி எழுதினார். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, நியூ ஜெர்சியின் ஹேமண்டன் ஊரில் ரீகன் பேசும்போது, அமெரிக்காவின் எதிர்காலம் அந்த மாநிலத்துப் பிள்ளையான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் உள்ள நம்பிக்கைச் செய்தியிலும் இருக்கிறது என்றார். பாடகரின் பெயரைச் சொன்னாரே தவிர, எந்தப் பாட்டின் பெயரையும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன் அதற்கு மறுமொழி சொன்னார். அதிபருக்குப் பிடித்த என் தொகுப்பு எதுவாக இருக்கும் என்று யோசித்தேன், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்று நினைக்கிறேன் என்ற பொருளில் பேசிவிட்டு, வேலை போனபின் கொலை செய்துவிட்ட ஒரு கார் ஆலைத் தொழிலாளியின் கதையை, அந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்துப் பாடினார். அதற்குமேல் விளக்கவுரை இல்லை. கிரைஸ்லர் கார் நிறுவனம் பெருந்தொகை தர முன்வந்து விளம்பரத்துக்குப் பாட்டைக் கேட்டபோதும் மறுத்துவிட்டார்.

தனிப்பாடலாக இது அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது. அந்தத் தொகுப்பிலிருந்து மட்டும் 7 பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. அத்தனை பெரிய கூட்டத்துக்குள் போகும் பாட்டு, எழுதியவரின் கையை விட்டுப் போய்விடும். 2016-ல் வந்த தன்வரலாற்றில், தாம் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்றும், மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும் இதை அவரே குறிப்பிடுகிறார்.

கேள்வி: தொகுப்பின் அட்டையில் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அது கொடியை அவமதிப்பதா?

பதில்: அப்படிக் கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். படம் எடுத்தவர் ஆன்னி லைபோவிட்ஸ். எடுத்த படங்களில் முகத்தைவிடப் பின்புறம் நன்றாக வந்திருந்தது என்பதே ஸ்பிரிங்ஸ்டீன் சொன்ன காரணம். நம்பலாம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இதை ‘ஹார்ட்லேண்ட் ராக்’ வகையில் சேர்க்கிறார்கள். அது நாட்டின் உள்பகுதி இசை என்றால், கடலோர நியூ ஜெர்சிக்காரர் அதில் எப்படி வந்தார்?

பதில்: அந்தப் பெயரை நிலப்படத்தில் தேடினால் ஏமாற்றமே. டெட்ராய்ட் பகுதியின் பாப் சீகரும், இந்தியானா மாநிலத்தின் சீமோர் ஊரைச் சேர்ந்த ஜான் மெலன்கேம்பும் பெயருக்குப் பொருந்துவார்கள். ஆனால் டாம் பெட்டி புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லைச் சேர்ந்தவர். இவர்களை இணைப்பது இடமன்று, பாடுபொருள். 1960களின் ராக் இசையையும், நாட்டார் பாடலையும், கண்ட்ரி இசையையும் அடித்தளமாகக் கொண்டு, மணிக்கணக்கில் உழைப்பவர்களின் ஊர், வேலை, கடன், காதல், வெளியேறும் ஆசை ஆகியவற்றைப் பகட்டில்லாமல் பாடுவதை இப்பெயரால் குறித்தார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஃப்ரீஹோல்டில் ஊருக்கே சோறு போட்ட தரைவிரிப்பு ஆலை ஒன்று இருந்தது; அவருடைய தந்தையும் அங்கே வேலை பார்த்திருக்கிறார். 1960களில் அது மூடப்பட்டது. அந்த ஊர் நாட்டின் எந்த ஓரத்தில் இருந்தால் என்ன?

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த வகையின் அடையாளம் கிட்டார், ஆர்கன், பியானோ, ஹார்மோனிகா. அதன் மிகப் புகழ்பெற்ற பாட்டோ சிந்தசைசரின் தோளில் ஏறி நிற்கிறது.

கேள்வி: ஒரு தமிழாசிரியரின் ஐயம் இது. புகழ்வதுபோல் இகழ்வதை வஞ்சப்புகழ்ச்சி என்கிறோம். இந்தப் பாட்டை வஞ்சப்புகழ்ச்சி அணி என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்த கேள்வி இது. முதலில் ஆம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், பிறகு அடித்துவிட்டேன்.

வஞ்சப்புகழ்ச்சியில் சொல்பவர் தாம் சொல்லும் புகழை நம்புவதில்லை. கேட்பவரும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும். இந்தப் பாட்டில் திருப்பிப் போட எதுவும் இல்லை. அவன் அமெரிக்காவில் பிறந்தவன், அது உண்மை. அதை அவன் எள்ளலாகச் சொல்லவில்லை, நெஞ்சறியச் சொல்கிறான். அவன் கையில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அது. வேலை இல்லை, உடன்பிறந்தவன் இல்லை, போகும் வழியில்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்தேன் என்பதை எந்த அலுவலரும் மறுக்க முடியாது. ஆகவே பல்லவி புகழும் அன்று, இகழும் அன்று. அது முறையீடு. ‘நான் இந்த வீட்டுப் பிள்ளை’ என்று வாசலில் நின்று ஒருவன் கத்தினால், அதில் வீட்டைப் பற்றிய பெருமை இல்லாமலா இருக்கும்? அந்தப் பெருமை இருப்பதால்தான் கதவு திறக்காதது அவனுக்கு அவமானமாகிறது. பெருமையை எடுத்துவிட்டால் முறையீட்டுக்கு அடிப்படையே இல்லை.

இப்படிப் பார்த்தால், கையை உயர்த்திப் பாடிய கூட்டத்தை மூடர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. சரணத்தை மட்டும் கேட்டுவிட்டு இது நாட்டைத் தூற்றும் பாட்டு என்று முடிவுகட்டுபவர்களும், பல்லவியை மட்டும் கேட்டவர்களைப் போலவே பாதியைத்தான் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்து நிறுத்துவது அந்த டிரம்ஸும் எக்காளமும்தான். சொல் முறையிடுகிறது, ஒலி தலைநிமிர்கிறது, இரண்டும் ஒரே ஆளுடையவை. உங்கள் மாணவர்களுக்கு அணியின் பெயர் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை. ஆனால் பல்லவியின் ஒவ்வொரு முறைக்கும் பின்னால், பாடப்படாத ‘அப்படியிருக்க, ஏன்?’ என்ற இரண்டு சொற்களை மனத்துக்குள் சேர்த்துப் பாடச் சொல்லுங்கள். பொருள் தானே விளங்கும்.

கேள்வி: கடைசியில் அந்த மனிதன் என்ன ஆனான் என்று பாட்டு சொல்கிறதா?

பதில்: நேரடியாகச் சொல்வதில்லை, ஒரு சொல்லை விட்டுச் செல்கிறது. இறுதியில், தான் இந்த நாட்டில் எங்கோ போய்விட்ட ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். கண்ட்ரி இசையின் பெரும் பாடகரான ஹேங்க் வில்லியம்ஸின் குரலில் 1948-ல் வெளிவந்த ஒரு பாட்டின் தலைப்பை அப்படியே எடுத்த சொற்கள் அவை. அங்கே சண்டைக்கார மனைவியை விட்டுப் புறப்படுபவனின் துள்ளல், இங்கே வேறு. ஏனெனில் கே சானில் இறந்த உடன்பிறந்தவனைப் பற்றிச் சொன்னபோதும் இதே ‘போய்விட்டான்’ என்ற ஆங்கிலச் சொல்தான் வந்தது. செத்தவனுக்குச் சொன்ன சொல்லை உயிரோடிருப்பவன் தனக்கே சொல்லிக்கொள்கிறான். அதற்கு அடுத்த கணமே, தான் ஆட்டமும் பாட்டமுமான ஆள் என்று இன்னொரு வரி வந்து விழுகிறது. சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு சொற்கள் தீர்ந்துபோகின்றன. குரல் வெறும் கூவலாகிறது. வைன்பெர்க் தாளத்தை விட்டுவிட்டு எல்லா டிரம்களையும் ஒருசேர உருட்டி நொறுக்குகிறார். முன்கூட்டி எழுதிவைக்காமல், ஸ்பிரிங்ஸ்டீன் காட்டிய சைகையைப் பார்த்து அந்த இடத்திலேயே வாசித்தது அது. எல்லாம் சிதறிவிட்டது என்று நாம் நினைக்கும்போது, அந்த எக்காளச் சுரக்கோவை மீண்டும் எழுகிறது, குழு மறுபடி தாளத்தில் சேர்ந்துகொள்கிறது. பாட்டு முடிவதில்லை, ஒலியளவைக் குறைத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறான். நமக்குக் கேட்கும் தொலைவை விட்டு அவன் கடந்துபோய்விட்டான்.